நொண்டி மூலையில் நாற்பது நிமிடம்

எலாடியோ லெஹார்ஸா வாயில் நான்கு ஆணிகளைக் கவ்விக்கொண்டு ஐந்தாவதை அடித்துக்கொண்டிருந்தான். இரும்புக்கட்டையின் மேல் பூட்ஸ் கவிழ்ந்திருந்தது. அதன் அடியில் இருக்க வேண்டிய ஆறு தோல் குமிழ்களில் இரண்டு தேய்ந்து மழுங்கிவிட்டன. மூன்று அடுக்குத் தோலை வட்டமாக வெட்டி, புதிய குமிழ்களை அவனே செய்திருந்தான். ஆணி நேராக இறங்க வேண்டும். கோணலாக இறங்கினால் பாதி ஆட்டத்தில் முனை உள்ளங்காலுக்குள் வந்துவிடும். ஒருமுறை அப்படி வந்ததை அவன் மனைவி சிரியாகா இடுக்கி போட்டுப் பிடுங்கியிருக்கிறாள்.

கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார் டான் ஹசிந்தோ. பெரிய மனிதர் என்பதால் பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ஒரு 'டான்'. கப்பல்களுக்கு நிலக்கரி விற்பவர். துறைமுகத்து லா பார்ரா கால்பந்துச் சங்கத்தின் தலைவர். கையில் சுருட்டிய காகிதம்.

"எந்திரிக்காதே, எந்திரிக்காதே. இதப் பாரு" என்று மேசைமேல் விரித்தார். அச்சகத்து மை வாசனை போகாத சுவரொட்டி. நடுவில் எலாடியோவின் படம், எட்டு வருடத்துக்கு முந்தையது. கீழே பெரிய எழுத்தில்: எலாடியோ லெஹார்ஸாவுக்கு மரியாதை ஆட்டம். ஞாயிறு, மாலை நான்கு மணி. தங்க மெடல். விருந்து.

எலாடியோ ஆணிகளை உள்ளங்கையில் துப்பினான்.

"யாரு கேட்டா இத?"

"கேட்டுக் குடுக்கிறதா மரியாதை? பதிமூணு வருஷம் ஆடியிருக்கே. ஊரே சேந்து செய்யுது."

"நான் எவ்வளவு நேரம் ஆடணும்?"

"இருபது நிமிஷம் போதும்ப்பா. அப்புறம் குழல், பறை, மரியாதை நடனம். நான் மெடல் குத்திவிடுவேன். பசங்க தோள்ல தூக்கிட்டுப் போவாங்க. உனக்குப் பதிலா ரஃபா எறங்குவான்."

ரஃபா ஒரு பொறியாளரின் மகன். இருபது வயது, நல்ல கால்கள், அவற்றின் மேல் நல்ல கால்சட்டை.

"இந்த வருஷத்துக் கடைசி ஆட்டம் இதுதானே, டான் ஹசிந்தோ?"

தலைவர் ஜன்னலைப் பார்த்தார். "ஆமா. அப்படி அமைஞ்சுபோச்சு."

அப்படியெல்லாம் தானாக அமையாது. லா பார்ரா சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. 1909-இல் துறைமுகத்துக் கள்ளுக்கடையில் கூடிச் சங்கத்தைத் தொடங்கிய சுமைதூக்கிகள் எழுதிவைத்தது: ஆண்டின் கடைசி ஆட்டத்தில், கடைசி விசில் அடிக்கும்போது களத்தில் நிற்கும் பதினொருவர், மறுநாள் திங்கட்கிழமை காலை பதிவேட்டில் கையெழுத்திட்டால் அடுத்த ஆண்டுக்கும் ஆட்டக்காரர்கள். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. மற்றவர்களை எடுப்பதா விடுவதா என்று நிர்வாகிகள் கூடி முடிவு செய்வார்கள். முதலாளிகள் சங்கத்துக்குள் வந்த பிறகு இந்த வழக்கம் அவர்களுக்கு முள்ளாகக் குத்தியது. ஆனால் அதை எடுக்க எவருக்கும் தைரியம் வரவில்லை. எடுத்திருந்தால் துறைமுகம் எரிந்திருக்கும்.

இருபதாவது நிமிடத்தில் தோளில் ஏறுகிறவன் கடைசி விசிலின்போது களத்தில் இருக்க மாட்டான். கணக்கு அவ்வளவுதான்.

டான் ஹசிந்தோ போன பிறகு, அடுப்படியில் மத்தி மீன்களின் குடலை எடுத்துக்கொண்டிருந்த சிரியாகா கையைக் கழுவாமலே வந்து சுவரொட்டியைப் பார்த்தாள்.

"படத்துல நல்லாத்தான் இருக்கே. செத்தவனுக்குப் போடற மாதிரி கறுப்புக் கட்டம் மட்டும்தான் பாக்கி."

"நீ என்ன சொல்றே?"

"என்னத்த சொல்ல? உன் முட்டி போச்சு. இன்னும் ஒரு வருஷம் தாங்குனா அதிகம். அது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். ஆனா போச்சுன்னு சொல்ல வேண்டியவன் நீ. அந்தக் கரிக்கடைக்காரனுக்கு என்ன வந்துச்சு?"

அவள் பேச்சுக்குச் சொல்லவில்லை. மலைமேல் இரும்புச் சுரங்கத் தொழிலாளர்களின் மருத்துவமனையில் நான்கு வருடம் கன்னியாஸ்திரீகளுக்குக் கீழே வேலை பார்த்தவள் சிரியாகா. நசுங்கிய கால்களைக் கழுவி, கட்டி, எடுத்துப் புதைத்தும் இருக்கிறாள். பிறகுதான் மீன்கூடையைத் தலையில் ஏற்றினாள். முட்டி என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும்.

எலாடியோ மறுபடியும் நான்கு ஆணிகளை வாயில் போட்டுக்கொண்டான்.

அவன் முன்வரிசை ஆட்டக்காரன் ஆனது வறுமையால்தான். எட்டு வயதில், கப்பல் துறையை ஒட்டிய சேற்று மைதானத்தில் ஆங்கிலேய மாலுமிகள் பந்து உதைப்பார்கள். ஆள் குறைந்தால் சிறுவர்களைச் சேர்த்துக்கொள்வார்கள். எலாடியோவின் காலில் சணல் செருப்பு. நனைந்த தோல் பந்தை அதால் உதைத்தால் விரல் பெயரும், செருப்பும் கிழியும். செருப்பு கிழிந்தால் அம்மா அடிப்பாள். தலை கிழிந்தால் அவ்வளவாக அடிக்க மாட்டாள். ஆகவே அவன் தலையால் முட்டக் கற்றுக்கொண்டான். பந்தின் வாயைத் தைத்த நாடா நெற்றியில் படாதபடி, சுழன்று வரும் பந்தில் நாடா எந்தப் பக்கம் என்று பார்க்கவும் கற்றுக்கொண்டான். எப்போதும் பார்க்க முடியாது. அதற்குச் சாட்சியாக அவன் புருவத்துக்கு மேலே மூன்று வெள்ளைக் கோடுகள் இருந்தன. மூன்றாவது காயத்தைக் கழுவிவிட்டவள் சிரியாகா. "கண்ண மூடாம முட்டறியா, மூடிட்டு முட்டறியா?" என்று அவள் கேட்டாள். "தொறந்துதான்" என்றான். "அப்ப முட்டாள்தான்" என்றாள். அடுத்த வருடம் கல்யாணம்.

பதினேழு வயதில் லா பார்ராவின் சட்டையைப் போட்டான். வாரத்தில் ஆறு நாள் தாதுக் கூடை சுமப்பான்; ஏழாவது நாள் கோல் போடுவான். 1914-இல் வட்டாரக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில், எதிராளியின் முகம் தெரியாத மழையில், மூன்று கோல். மூன்றும் தலையால். அடுத்த மாதம் ஆற்றின் வலது கரையிலிருந்து ஒரு பணக்காரச் சங்கத்தின் ஆள் வந்தான். அந்தக் காலத்தில் ஆட்டத்துக்குச் சம்பளம் வாங்குவது குற்றம். அதனால் வேலை கொடுப்பார்கள்.

"வங்கியில உத்தியோகம். வாரத்துக்கு ஒரு தடவ பேனாவத் தொட்டாப் போதும்" என்றான் வந்தவன்.

"எனக்கு எழுதத் தெரியாதே" என்றான் எலாடியோ.

"அது ஒரு பிரச்சினையே இல்ல."

"உங்க வங்கியில காசு போட்டிருக்கவனுக்குப் பிரச்சினை இல்லயா?"

வந்தவன் படகு பிடித்துத் திரும்பிப் போனான். எலாடியோவுக்கு எழுதத் தெரியாது என்பதும் பொய்தான்.

1920-இல் நாட்டுக்கென்று ஓர் அணி திரட்டி வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். செய்தித்தாளில் பட்டியல் வந்தது. லெஹார்ஸா இல்லை. துறைமுகத்தில் எல்லோரும் துக்கம் விசாரிக்க வந்தார்கள். அவன் தாது சுமக்கப் போனான். அடுத்த ஞாயிறு நான்கு கோல் போட்டான். நான்காவது கோலுக்குப் பிறகு, பத்திரிகைக்காரர்கள் உட்கார்ந்திருந்த பலகைக்கு முன்னால் போய் நின்று மூக்கைச் சிந்தினான். அதற்கு அபராதம் போட்டார்கள்.

அதற்கடுத்த பிப்ரவரியில் வலது முட்டி திருகியது. அதன்பின் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிறகு நீர் கோத்து, முட்டி ரொட்டிமாவுபோல உப்பிவிடும். குளிர்ந்த கடல்நீரில் துணியை நனைத்துப் போட்டு, காலை உயரத்தில் வைத்து, புதன்கிழமைக்குள் வடிய வைப்பாள் சிரியாகா. சில வாரம் வியாழன் ஆனது. இந்த வருடம் வெள்ளி.

ஞாயிறு மதியம் அவள் முட்டியைக் கட்டினாள். இரண்டு சுருள் ஃபிளானல். கெண்டைக்காலில் ஆரம்பித்து மேலே போக வேண்டும். மேலிருந்து கீழே சுற்றுகிறவர்கள் பாதத்தை வீங்கவைப்பார்கள். முட்டிச்சில்லின் மேல் இறுக்காமல், எட்டுப்போல் குறுக்கே சுற்றி, ஊசி குத்தினாள்.

"நட."

நடந்தான்.

"உக்காரு."

உட்கார்ந்தான்.

"தொண்ணூறு நிமிஷம் நிக்கணும்னு கட்டியிருக்கேன். ஓடணும்னு கட்டல."

தூறல். வலது கரையிலிருந்து படகு படகாகப் பணக்கார வைக்கோல் தொப்பிக்காரர்கள் வந்து இறங்கினார்கள். அன்றைக்கு எதிரணி அவர்களுடையது. கயிற்றின் இந்தப் பக்கம் சுமைதூக்கிகளும், வெறுங்காலோடு மீன் விற்கும் பெண்களும். மைதானம் கடலைப் பார்த்துச் சரிந்திருந்தது. பந்தும் மனிதர்களும் அந்தப் பக்கமே உருளுவார்கள்.

பன்னிரண்டாவது நிமிடத்தில் வலப்பக்கமிருந்து ஒரு பந்து வந்தது. எலாடியோ பாதிதான் குதித்தான். அது போதுமாக இருந்தது. ஒன்றுக்குப் பூஜ்யம். மீன்காரிகள் கூடைகளைத் தட்டினார்கள்.

இருபதாவது நிமிடம். நடுவர் விசில் அடித்தார். ஒரு கையால் குழலும் மறு கையால் சிறுபறையுமாக வாசிப்பவர் களத்துக்குள் வந்தார். பின்னால் வெள்ளை உடையில் பௌத்திஸ்தா, எலாடியோவோடு தாது சுமப்பவன். எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள்.

எலாடியோ இதை யோசித்து வைத்திருந்தான். நடனத்தை மறுத்துவிட்டு நடக்கலாம் என்று வெள்ளிக்கிழமை வரை நினைத்திருந்தான். சிரியாகாதான் சொன்னாள்: "டான் ஹசிந்தோவுக்கு முதுகக் காட்டு. நடனத்துக்குக் காட்டாதே. அது அவனோடது இல்ல." ஆகவே குல்லாவைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக நின்றான். பௌத்திஸ்தா காலைத் தலைக்கு மேலே வீசினான், குனிந்தான், சுழன்றான். முடிந்ததும் எலாடியோ அவனைக் கட்டிக்கொண்டான்.

டான் ஹசிந்தோ மெடலோடு வந்தார். எல்லைக்கோட்டில் ரஃபா, வெளுத்துத் தேய்த்த சட்டையோடு கால்களை உதறிக்கொண்டிருந்தான்.

"வா, தம்பி. நெஞ்ச நிமித்து."

"ஆட்டம் முடியட்டும், டான் ஹசிந்தோ."

"உனக்கு முடிஞ்சிடுச்சுப்பா."

"நடுவர் இன்னும் கடைசி விசில் ஊதலயே" என்று சொல்லிவிட்டு எலாடியோ குல்லாவை மாட்டிக்கொண்டு நடுவட்டத்துக்கு நடந்தான்.

சங்கத்தின் செயலாளர் மெலித்தோன் குடையோடு களத்துக்குள் ஓடிவந்தார். வாரத்தில் ஆறு நாள் சவரம் செய்பவர். ஏழாம் நாளும் கையில் கத்தி இருப்பதுபோலவே நடப்பார். "நடுவர் ஐயா, ஆள் மாத்தறோம்! அவனை வெளிய அனுப்புங்க!"

நடுவர் ரயில்வேயில் குமாஸ்தா. சட்டைப்பையிலிருந்து சின்னப் புத்தகத்தை எடுத்து, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார். "ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு அணித் தலைவர்களும் ஒத்துக்கிட்டாத்தான் ஆள் மாத்தலாம். ஒத்துக்கிட்டாங்களா?"

மெலித்தோன் குடையை மடக்கினார். மரியாதை ஆட்டங்களில் யாரும் இதைக் கேட்பதே இல்லை. கேட்காமலே மாற்றிக்கொள்வார்கள். இந்த ஊர் ஆட்களின் பழக்கம் அது: ஊருக்கே தெரிந்ததை எதற்குத் தனியாகக் கேட்க வேண்டும்? அவரும் கேட்கவில்லை.

எதிரணித் தலைவன் அராம்புரு. நெட்டையன், உடைந்த மூக்கு, எலாடியோவோடு பத்து வருடம் மோதியவன். நிதானமாக வந்தான்.

"எங்கிட்ட யாரும் கேக்கல."

"இப்பக் கேக்கறோமே, ஐயா!" என்றார் மெலித்தோன். "மரியாதை ஆட்டம்..."

"அங்க நிக்கிறவனுக்கு ரெண்டு முட்டி. இவனுக்கு ஒண்ணரை. நான் எதுக்கு மாத்த விடணும்? எங்கம்மா அவ்வளவு முட்டாளாவா பெத்தா?"

கயிற்றுக்கு அப்பால் சிரிப்பு வெடித்தது. எலாடியோ வெளியே போனால் லா பார்ரா பத்துப் பேரோடு வலது கரையிடம் தோற்க வேண்டும். அதைத் துறைமுகம் பொறுக்காது என்பது டான் ஹசிந்தோவுக்கும் தெரியும். மெடலைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார்.

"உனக்கு நன்றி சொல்லணுமா?" என்றான் எலாடியோ.

"எனக்கு வேணாம். உன் முட்டிக்குச் சொல்லு" என்றான் அராம்புரு.

அராம்புரு போட்ட கணக்குப்படியே வலது கரை அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டது. பாதி நேரத்தில் இரண்டுக்கு ஒன்று.

ஐம்பதாவது நிமிடத்தில், யாரும் தொடாமலே, சேற்றில் பாதம் நின்றுவிட உடல் மட்டும் திரும்பியது. எலாடியோவுக்குச் சத்தம் கேட்டது. ஈரக் கயிறு அறுவதைப்போல. விழுந்தான். டான் ஹசிந்தோ பலகையிலிருந்து எழுந்தார், கொஞ்சம் வேகமாகவே.

"பாவம்! தூக்குங்க! ஸ்ட்ரெச்சர் எங்க?"

சிரியாகா கயிற்றைத் தாண்டி முதலில் வந்துவிட்டாள். சேற்றில் மண்டியிட்டு, ஒரு கையால் தொடையைப் பிடித்து, மறு கையால் காலை லேசாக முன்னுக்கு இழுத்தாள். இழுத்த அளவுக்கு வந்தது. வரக் கூடாது.

"எலும்பு இல்ல. உள்ள நார் கிழிஞ்சிருக்கு" என்றாள். "நின்னாலும் வலிக்கும், படுத்தாலும் வலிக்கும். இதுக்கு மேல கிழிய அதிகமா ஒண்ணும் மிச்சமில்ல."

"கோட்டுக்கு வெளிய போனா முடிஞ்சுது, சிரியாகா."

"தெரியும். வலது கால ஊனாதே. எட்டி வைக்காதே. திரும்பணும்னா முழு ஒடம்பையும் திருப்பு."

அந்தக் காலத்தில் அடிபட்டவனுக்குப் பதில் ஆள் கிடையாது. நொண்டுகிறவனை இடது ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். தொந்தரவுக்காவது ஆகட்டும் என்று. நொண்டி மூலை என்று அதற்குப் பெயர். எலாடியோ ஒற்றைக்காலில் தத்தித் தத்தி அங்கே போனான். போய்ச் சேர இரண்டு நிமிடம் ஆனது. மிச்சம் முப்பத்தெட்டு.

அந்த மூலை வைக்கோல் தொப்பிக்காரர்களின் பக்கம்.

"பாருங்கடா, கொக்கு!"

"ஏய் கொக்கு, மீன் கெடச்சுதா?"

எதிர்ப்பக்கத்திலிருந்து மீன்காரிகள் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். "மீன் எங்ககிட்ட இருக்குடா, தொப்பி! வாயத் தொற, தலையோட திணிக்கறோம்!"

அறுபதாவது நிமிடத்தில் ஒரு பந்து அவனிடம் வந்தது. உதைக்கப் போய் முகம் குப்புற விழுந்தான். தொப்பிகள் காற்றில் பறந்தன. அவனைக் காவல் காத்த ஆட்டக்காரன் கையைப் பிடித்து எழுப்பி நிறுத்திவிட்டு, "அண்ணே, சும்மா நில்லுங்க, பாக்கவே கஷ்டமா இருக்கு" என்று சொல்லி நடுக்களத்துக்குப் போய்விட்டான். அதன்பின் அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

எலாடியோ வலியை எண்ணவில்லை. கடிகாரமும் இல்லை. கலங்கரை விளக்கத்தைப் பார்த்து ஒரு மூச்சு, கோலைப் பார்த்து ஒரு மூச்சு என்று விட்டுக்கொண்டிருந்தான். இடது தொடை நடுங்க ஆரம்பித்தது. எழுபத்தைந்தாவது நிமிடத்தில், மெலித்தோன் அனுப்பிய இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவந்து எல்லைக்கோட்டை ஒட்டி, அவன் காலடியில் விரித்தார்கள். "ஒரு முன்னேற்பாடுதான்" என்றான் ஒருவன். கித்தான் துணி. அதன் மேல் ஒரு தலையணை வேறு. எலாடியோ அதைப் பார்த்தான்; பார்க்கக் கூடாது என்று தெரிந்தும் பார்த்தான்.

சிரியாகா வந்து அதன் நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.

"அம்மா, எந்திரிங்க. இது காயம்பட்டவங்களுக்கு."

"காலைல நாலு மணியிலேர்ந்து நின்னுட்டிருக்கேன். எனக்கும் கால் வலிக்குது. முடிஞ்சாத் தூக்கிட்டுப் போ."

அவர்களால் முடியவில்லை. மீன்காரிகள் சுற்றி நின்றுகொண்டார்கள்.

எண்பத்து மூன்றாவது நிமிடத்தில் வலப்பக்கமிருந்து அடித்த பந்து எல்லோருடைய தலைக்கும் மேலே, யாருக்கும் வேண்டாததுபோல, நொண்டி மூலையை நோக்கி வந்தது. உயரம் அதிகம். எலாடியோவால் குதிக்க முடியாது. பந்து இறங்கும்வரை காத்திருந்தான். நாடா எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கண்ணைத் திறந்தபடியே முட்டினான். கோலுக்கு அல்ல, அந்தத் தூரத்துக்கு அவனிடம் பலம் இல்லை. கோலுக்கு முன்னால் தனியாக நின்ற தன் அணிக்காரனுக்குத் தள்ளினான். அவன் காலை நீட்டினான். இரண்டுக்கு இரண்டு.

நெற்றியில் ரத்தம் வழிந்தது. மைதானமே கத்தியது. எலாடியோ மூலைக்கொடிக் கம்பைப் பிடித்துக்கொண்டான்; கொண்டாடுவதற்கு அல்ல, விழாமல் இருக்க. கடைசி ஏழு நிமிடமும் அதை விடவில்லை. நடுவர் இரண்டு முறை பார்த்தார். கொடிக்கம்பைப் பிடிக்கக் கூடாது என்று புத்தகத்தில் இல்லையோ என்னவோ, ஒன்றும் சொல்லவில்லை.

விசில்.

அதற்குப் பிறகே ஸ்ட்ரெச்சரில் படுத்தான். டான் ஹசிந்தோ மெடலைக் கொண்டுவந்தார், ஊர் பார்க்கிறதே.

"இது முடிஞ்சவனுக்குக் குடுக்கறது, டான் ஹசிந்தோ. வெச்சிருங்க. நான் எப்ப முடியறேன்னு நானே வந்து சொல்றேன்."

விருந்துக்கு மட்டும் போனார்கள். போக வேண்டாம் என்றுதான் எலாடியோ சொன்னான். "மெடல வேணாம்னே, சரி. கருவாட்டுக் குழம்பு உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் சிரியாகா. காலை ஒரு நாற்காலியில் நீட்டி வைத்து, இரண்டு தட்டுச் சாப்பிட்டான். பேச்சுகளை இரண்டாவது தட்டு காலியாகும்வரை கேட்டான்.

மறுநாள் காலை ஆறரைக்கு சிரியாகா மீன்வண்டியைக் கழுவி, அதில் வைக்கோல் போட்டு, எலாடியோவை உட்காரவைத்தாள். பலகை வைத்துக் கட்டிய கால் வண்டிக்கு வெளியே துப்பாக்கிபோல நீண்டிருந்தது. ஆறு வாரம் சுமை தூக்க முடியாது என்று இரவே, நெற்றியைத் தைக்கும்போதே சொல்லிவிட்டாள். அதுவரை மீன் காசில் ஓட்டலாம் என்றும் பேசி முடித்துவிட்டார்கள். மெலித்தோனின் சவரக்கடை வரை அவள் தள்ளிக்கொண்டு போனாள். வாசலில் மற்ற பத்துப் பேரும் நின்றிருந்தார்கள். வண்டியைப் பார்த்ததும் வழிவிட்டார்கள்.

டான் ஹசிந்தோ உள்ளே இருந்தார். பதிவேடு கண்ணாடிக்கு முன்னால், சோப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில்.

"எலாடியோ, புத்தியோட யோசிப்பா. எந்தக் கால வெச்சு ஆடப்போறே?"

எலாடியோ பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, கட்டங்களை விரலால் தொட்டுப் படித்தான். "பேரு. அப்பா பேரு. வயசு. ஊரு." தலையை நிமிர்த்தினான். "காலப் பத்தி இதுல எங்க கேட்டிருக்கு, மெலித்தோன்?"

மெலித்தோன் பேனாவை மையில் தோய்த்து நீட்டினார்.

எலாடியோ முதல் வரியில் கையெழுத்துப் போட்டான், பெரிதாக, இரண்டாவது வரியிலும் கொஞ்சம் இடித்துக்கொண்டு. மத்திப் படகுகள் கரைக்கு வந்துவிட்ட சங்கு கேட்டது. சிரியாகாவுக்கு வண்டி வேண்டும். அவனைத் தூக்கிச் சவர நாற்காலியில் உட்கார்த்தி, கட்டிய காலுக்குக் கீழே ஒரு பெட்டியைத் தள்ளி வைத்தாள்.

"பதினொரு மணிக்கு வந்து எடுத்துக்கறேன். அதுக்குள்ள முகத்த மழிச்சு வையுங்க, மெலித்தோன். நெத்தித் தையலத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுத் துறைமுகத்துக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.